புது காரை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, ஏன்?

காரின் நிறத்துக்கு மேலே ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்தான். தலைமுடியை விட மெல்லியது. தெருப்புழுதியில் உள்ள குவார்ட்ஸ் மணல் துகள்களோ இரும்பைவிடக் கடினமானவை. உலர்ந்த துணியால் தேய்த்தால், அவை உப்புத்தாள் போலப் பூச்சைக் கீறும். வெயிலில் தெரியும் மெல்லிய வட்டக் கோடுகள் பெரும்பாலும் இப்படி வந்தவையே.

எப்படிக் கழுவுவது? நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பூ. அது துகள்களை வழுக்கிப் போகச் செய்யும். துணியை அலச, ஷாம்பூ வாளியைத் தவிர இன்னொரு வாளி வேண்டும். மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஈரம் தானாகக் காய்ந்தால் தண்ணீரில் உள்ள உப்புகள் வெள்ளைத் திட்டுகளாகப் படியும். அதனால் ஈரத்தை உடனே ஒற்றி எடுங்கள். கடைசியில் வாக்ஸ் பூசுங்கள். பறவை எச்சத்தின் அமிலம் முதலில் அதைத்தான் தாக்கும். பூச்சு தப்பிக்க அவகாசம் கிடைக்கும்.