பல்வலி தானாகப் போய்விட்டதா? இனிமேல்தான் கவனம் தேவை

மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை. தே தாரேக் ஒரு வாய் குடித்தால் கடைவாய்ப் பல் சுண்டி இழுக்கிறது. படுத்தால் வலி இன்னும் கூடுகிறது. கிராம்பை வைத்துக் கடித்தாயிற்று, வலி மாத்திரையும் போட்டாயிற்று. பல் கிளினிக்கில் சனிக்கிழமைக்கு நேரமும் வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் வலியைக் காணோம்! சூடாகக் குடித்தாலும் பல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பாடா, தானாகவே சரியாகிவிட்டது" என்று கிளினிக்குக்குப் போன் போட்டு, நாளை வரவில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

இப்படிச் செய்தவர் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். ஆனால், பல் மருத்துவர்கள் கவலைப்படும் கட்டமே இதுதான். நோய் தீர்ந்ததால் வலி போகவில்லை. வலியை உணர்ந்த பகுதி செத்துப்போனதால்தான் வலி போயிருக்கிறது.

பூட்டிய அறைக்குள் ஒரு வீக்கம்

பல்லின் மேலே தெரியும் வெள்ளை உறை எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதற்குள் டென்டின் என்ற சற்று மென்மையான அடுக்கு. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், பற்கூழ் என்ற திசு இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட உயிருள்ள பகுதி இது. வேர்களுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக இது கீழே இறங்கி, வேர் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத் தாடையோடு தொடர்பு கொள்கிறது.

நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது, பிறகு டென்டினை அரிக்கிறது. இதைத்தான் சொத்தை என்கிறோம். சொத்தை ஆழமாகிப் பாக்டீரியாக்கள் பற்கூழை எட்டியதும் அங்கே அழற்சி தொடங்குகிறது.

கைவிரலில் அடிபட்டால் விரல் வீங்கும். தோல் நெகிழ்ந்து கொடுப்பதால் வீக்கத்திற்கு இடம் கிடைக்கிறது. பற்கூழைச் சுற்றியோ நான்கு பக்கமும் கடினமான சுவர். வீங்க இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. விண் விண் என்று தெறிக்கும் வலி அதனால்தான். படுக்கும்போது தலைப்பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால் வலியும் கூடுகிறது. கடைசியில் இரத்த ஓட்டம் தடைபட்டு, பற்கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. நரம்பும் அதோடு போய்விடுகிறது. அதுதான் அந்த வெள்ளிக்கிழமை காலை.

மருந்து ஏன் எட்டுவதில்லை?

செத்துப்போன பற்கூழுக்கு இரத்தம் வருவதில்லை. இரத்தம் வராத இடத்திற்கு நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் வர முடியாது, நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மருந்தும் போய்ச் சேராது. பூட்டிய அறைக்குள் திருடன் தங்கிவிட்டதுபோல் பாக்டீரியாக்கள் நிம்மதியாகப் பெருகுகின்றன. அவற்றின் நச்சுப் பொருள்கள் வேர் நுனி வழியாகக் கசிந்து தாடை எலும்பை எட்டுகின்றன. எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. எக்ஸ்ரே படத்தில் வேர் நுனியைச் சுற்றிக் கருநிழலாகத் தெரிவது அதுதான்.

இது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், வலியே இல்லாமல் நடக்கலாம். ஈறில் சிறு பருப்போல ஒன்று தோன்றிச் சீழ் வடிந்துகொண்டிருக்கலாம். சீழ் வெளியேற வழி இருப்பதால் வலி தெரிவதில்லை. வழி அடைபட்டால் ஒரே இரவில் கன்னம் வீங்கிவிடும். அப்போது ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீக்கம் வற்றலாம். ஆனால், பல்லுக்குள் இருக்கும் மூலம் அப்படியே இருக்கும். சில வாரங்களில் மீண்டும் தலைதூக்கும்.

பாக்டீரியாதான் குற்றவாளி என்பதை 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் எலிகளின் பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் செத்துச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ பற்கூழ் பிழைத்துக்கொண்டது. துளையை மூடப் புதிய டென்டினும் வளர்ந்தது. கிருமியை அகற்றி, அது திரும்ப வராமல் அடைத்துவிட்டால் உடம்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம்.

நாற்காலியில் என்ன நடக்கிறது?

ரூட் கேனல் எனப்படும் வேர்க்குழாய் சிகிச்சை இந்தப் பாடத்தின்படிதான் நடக்கிறது. முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுவார்கள். எச்சிலிலுள்ள கிருமிகள் பல்லுக்குள் போகாமலும், மருந்தோ சிறு கருவியோ தொண்டைக்குள் விழாமலும் அது காக்கிறது. 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை இது.

அடுத்து, பல்லின் மேற்பகுதியில் சிறு துளையிட்டு வேர்க்குழாய்களைத் தேடுகிறார்கள். முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று. மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக ஒன்று ஒளிந்திருப்பது வழக்கம். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் சிகிச்சை பின்னாளில் தோற்கக்கூடும். டாக்டர் ஒரே பல்லோடு ஒரு மணி நேரம் போராடுவதற்குக் காரணம் இதுதான்.

முனையில் கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அரங்களால் குழாயின் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். இப்போது பயன்படும் அரங்களில் பல, வளைந்த வேரிலும் வளைந்து போகும் நிக்கல்-டைட்டானியக் கலவையால் ஆனவை. அரம் எட்டாத இடுக்குகளுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். துணி வெளுக்கும் குளோரக்ஸில் இருப்பதும் இதே பொருள்தான். கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவையும் அது கரைத்துவிடும்.

ஒரே நாளில் முடியவில்லை என்றால் அடுத்த வருகை வரை உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாட்டி வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் மூலப்பொருள் அதுதான். அதன் கடுமையான காரத்தன்மையில் கிருமிகள் தாக்குப்பிடிப்பது கடினம். அதற்காக வீட்டிலிருக்கும் சுண்ணாம்பைப் பல்லில் அப்பிவிடாதீர்கள்; ஈறு வெந்துபோகும்.

பல்லை அடைக்கும் நம் ஊர் மரம்

சுத்தமான குழாயை எதைக் கொண்டு அடைப்பது? இங்கேதான் நம் மண் வருகிறது. உலகெங்கும் பல் மருத்துவர்கள் வேர்க்குழாயை அடைக்கப் பயன்படுத்துவது கட்டா பெர்ச்சா. மலாய் மொழியின் 'கெத்தா' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலே அது. மலாய்க்காரர்கள் அதைப் பாராங் கத்திக்குக் கைப்பிடியாகப் பிடித்து வந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமெரி என்ற அறுவை மருத்துவர் அதைக் கவனித்து 1843இல் மேற்குலகிற்குத் தெரியப்படுத்தினார்.

பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சுவையாக இருக்கும். ரப்பரிலும் கட்டா பெர்ச்சாவிலும் உள்ள அணுக்கள் ஒன்றே; அவை அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. அதனால் ரப்பர் இழுபடுகிறது. கட்டா பெர்ச்சாவோ சூட்டில் இளகி, ஆறியதும் இறுகிக் கொடுத்த வடிவத்தில் நின்றுவிடுகிறது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இதற்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. காடுகளில் தாபான் மரங்கள் கணக்கின்றி வெட்டிச் சாய்க்கப்பட்டன. 1860களில் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இதை வேர்க்குழாய்க்குள் வைக்கத் தொடங்கினார்கள்.

இன்று பயன்படும் மெல்லிய குச்சிகளில் கட்டா பெர்ச்சா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உடம்பு இதை எதிர்ப்பதில்லை. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். தேவைப்பட்டால் திரும்ப எடுத்துவிடவும் முடியும்.

பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

"இவ்வளவு பாடு எதற்கு, பிடுங்கிவிட்டால் போகிறது" என்பார்கள் பெரியவர்கள். பிடுங்கினாலும் நோய்க்கு முடிவு வரும் என்பது உண்மைதான். வேர் நெடுக விரிசல் விட்ட பல்லையும், மேலே மூடி மாட்ட இடமில்லாத அளவுக்கு அரித்த பல்லையும் பிடுங்குவதே சரி. ஆனால், காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாயத் தொடங்கும். மெல்லும் வேலையும் ஒரு பக்கமாகச் சேரும். பிறகு செயற்கைப் பல் வைப்பது பெரும்பாலும் அதிகச் செலவு.

வலிக்குமா? ஊசி நன்றாக வேலை செய்தால், சொத்தை அடைப்பதைவிடப் பெரிய வலி இருக்காது. கடும் அழற்சியில் இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் மட்டும் முதல் ஊசிக்கு முழுதாக மரத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது கையை உயர்த்திச் சொல்லுங்கள். டாக்டர் கூடுதலாக மருந்து போடுவார். முடிந்த பிறகு சில நாள்கள் கடித்தால் வலிப்பது இயல்பு. கடைவாய்ப் பல்லாக இருந்தால் அதற்கு மேல் மூடி போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நன்றாக முடிந்த சிகிச்சைகூட, மூடி போடாததால் பல் உடைந்து வீணாவதுண்டு.

ஒரு எச்சரிக்கை. தாடைக்குக் கீழோ கண்ணை நோக்கியோ வீக்கம் பரவினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நாக்குக்கு அடியில் பரவும் சீழ் மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே உலை வைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை பல்வலி திடீரென மாயமாக மறைந்தால், கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள், வரவில்லை என்று சொல்ல அல்ல. வலி நின்றுவிட்டது, ஆனாலும் கட்டாயம் வருகிறேன் என்று சொல்ல.