பழஞ் சுங்கானைப் புதுக்குதல்

இங்கிலாந்திலும் பிரான்சிலும் பழம்பொருட் கடைகளின் மூலையிலே, தகரப் பெட்டிகளிற் பழைய சுங்கான்கள் குவிந்து கிடப்பதைக் காணலாம். கிண்ணத்திற் கரியேறி, வாய்க்குழல் பழுத்து, பல்லின் தடம் பதிந்து, நாற்றம் வீசும் அவற்றை வாங்கிச் சென்று, மாலைப் பொழுதுகளைச் செலவிட்டுப் பொலிவுபெறச் செய்வது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. புகைத்தல் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை விளைக்கும். சுங்கான் அதற்கு விலக்கன்று. ஆனால், சுங்கானைச் சீர்செய்பவன் புகைப்பவனாய் இருக்கவேண்டும் என்பதில்லை. கைவினையிற் பற்றுடையவனாய் இருந்தாற் போதும்.

இவற்றுட் பெரும்பாலானவை பிரையர் என்னும் மரத்தாலானவை. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் மலைச்சரிவுகளில் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரம் வளர்கின்றது. வேருக்கும் தண்டுக்கும் நடுவே அதற்கு முண்டு ஒன்று பருத்துத் திரளும். அதனை வெட்டி, பல மணிநேரம் நீரில் அவித்துச் சாறு போக்கி, பல மாதம் உலர்த்தியே சுங்கான் கடைகிறார்கள். நெருப்பை உள்ளே வைத்தாலும் எளிதில் எரியாத மரம் அது. பிரெஞ்சு மொழியிற் புருயேர் என வழங்கிய சொல்லே ஆங்கிலர் வாயிற் பிரையர் எனத் திரிந்தது. முட்செடியைக் குறிக்கும் அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை.

முதற் பணி வாய்க்குழலையும் தண்டையும் பிரிப்பது. உறைந்த பிசினால் இரண்டும் இறுகியிருக்கும். வலிந்து திருகினால் உள்ளிருக்கும் முளை முறியும். அல்லது தண்டு வெடிக்கும். சுங்கானைச் சில மணிநேரம் குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தெடுத்தால், மரமும் குழலும் வெவ்வேறு அளவிற் சுருங்குவதால் பிடி தளரும். பின்பு கிண்ணத்தின் உட்சுவரிற் படிந்த கரியைக் கத்தியாற் சுரண்டுதல் வேண்டும். மெல்லிய நாணயத்தின் தடிப்பளவான படலம் மரத்துக்குக் காப்பு. அதனினும் மிகுந்தால், சூட்டில் கரியும் மரமும் ஒத்து விரியாமையாற் கிண்ணம் பிளக்கக்கூடும். ஊறிப்போன நாற்றத்தைப் போக்க, கிண்ணம் நிறைய உப்பையோ பஞ்சையோ இட்டு, தூய மதுசாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைப்பர். மறுநாட் பார்த்தால் உப்பு கபில நிறமாய் மாறியிருக்கும். மரத்துள் இருந்த தாரே அது. வாயில் வைக்கும் பொருளாதலால், நஞ்சு கலந்த எரிசாராயத்தை இதற்குப் பயன்படுத்தல் ஆகாது.

வாய்க்குழலின் கதை வேறு. பழைய குழல்கள் பெரும்பாலும் வல்கனைற் என்னும் கடும் றப்பராலானவை. இலங்கையர் நன்கறிந்த றப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் அது கொம்புபோல் இறுகும். ஒளியும் காற்றும் பட்டுப்பட்டு அக்கந்தகமே பின்னர் மேற்பரப்பிற் பகையாகி, கருமையைப் பச்சை கலந்த மஞ்சளாக்குகின்றது, நாவுக்கும் கசக்கின்றது. வெளிற்றும் நீரில் ஊறவைத்தால் மேற்பரப்பு அரிக்கப்படும். நனைத்த மண்கடதாசியால், முரடான தாளிலிருந்து மென்மையான தாள்வரை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ப்பதே நல்ல வழி. வல்கனைற்றுக்கு வியப்பான இயல்பொன்றும் உண்டு. தான் முதலிற் பெற்ற வடிவை அது மறப்பதில்லை. பல் பதிந்த பள்ளத்துக்கு இளஞ்சூடு காட்டினால் அது பெரும்பாலும் தானே மேலெழும். ஆழமான கடியைக் கரித்தூள் குழைத்த பசையால் நிரப்புவர்.

இவையெல்லாம் பழக்கத்தால் வரும். கையை எங்கே நிறுத்துவது என்பதே கடினம். சுங்கானின் தண்டிலே செய்தவரின் பெயர் முத்திரையாய் அழுத்தப்பட்டிருக்கும். அதன் ஆழம் மயிரளவே. 1907 இல் இலண்டன் டியூக் வீதியிற் கடை திறந்த அல்பிரட் டன்ஹிலின் பெயர் தாங்கிய சுங்கான்கள் பலவற்றில், முத்திரையருகே உள்ள சிற்றெண் செய்த ஆண்டைக் கூறும். வெள்ளிப் பட்டி பூண்டதாயின், சிறுத்தைத் தலை இலண்டனையும் நங்கூரம் பேமிங்காமையும் குறிக்கும். அருகிலுள்ள எழுத்து ஆண்டைக் காட்டும். கீறலொன்றை நீக்கப் புகுந்து மண்கடதாசியை நாலுமுறை இழுத்தால் தண்டின் முத்திரை போய்விடும். பின்பு எஞ்சுவது பளபளக்கும், ஊர் பேர் அற்ற மரத்துண்டே.

துருக்கியின் எஸ்கிசெகிர் பகுதியில் அகழ்ந்தெடுக்கப்படும் மீர்ஷம் என்னும் மெல்லிய வெண்கல்லாற் செய்த சுங்கானில் நிலைமை தலைகீழாகும். புகைக்கப் புகைக்க அது தேன் நிறமும், பின்பு செங்கபிலமும் பெறும். அந்நிறத்துக்காகவே அதனை விரும்புவர். தேய்த்து வெண்மையாக்க முயல்பவன் பல்லாண்டில் விளைந்ததை ஒரு மாலையில் அழித்துவிடுகிறான்.

இறந்துபோன தந்தையின் சுங்கானை மகனோ மகளோ கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. விளிம்பின் ஒரு புறம் மட்டும் கருகியிருக்கும். அவர் எப்போதும் தீக்குச்சியை அப்பக்கமாகவே பிடித்திருப்பார். வாய்க்குழலில் அவருடைய பல்லடையாளம் இருக்கும். விற்பவனுக்கு இவை குற்றங்கள்; பிள்ளைகளுக்கோ தந்தையின் கைவழக்கமே அதில் எழுதியிருக்கின்றது. எதை நீக்குவது, எதை விடுவது என்று கத்தியை எடுக்குமுன் அவர்களைக் கேட்டறிதல் வேண்டும். சூடு காட்டி மேலெழுப்பிய பல்தடத்தை மீண்டும் பதிக்க எவராலும் இயலாது.

கடைசியாக மெழுகு. பிரேசில் நாட்டுக் கார்னோபாப் பனையின் ஓலையிலிருந்து பெறும் மெழுகு 80 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். தேன்மெழுகு 65 பாகைக்குள்ளேயே உருகிவிடும். ஆகவே சூடேறும் கிண்ணத்துக்கு முன்னையதே ஏற்றது. சுழலும் துணிச்சில்லிலே மெழுகைப் பூசி, சுங்கானை அதன்மேல் அணைத்துப் பிடிப்பர். பிடி தளர்ந்தாற் சில்லு அதனைப் பறித்து எறிந்துவிடும். மெருகேறியதை யன்னலருகே கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பார்க்க ஆசை எழுவது இயல்பு. அங்கே வைத்தால் ஒளிபட்டு வாய்க்குழல் மறுபடி பழுக்கத் தொடங்கும். மூடிய இழுப்பறையில் வைத்தாலே அதன் கருமை நெடுநாள் நிலைக்கும்.