சட்டமும் ஊரும் – 9: பள்ளியிலிருந்து எத்தனை கெஜம்?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், பூம்பாறை முழுசாகத் தெரிகிற வளைவில் வண்டிகள் நின்றுவிடும். தட்டுத்தட்டாக இறங்கும் பூண்டு வயல்கள், நெருக்கிக் கட்டிய வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். படம் எடுக்க அழகான ஊர். தூரம் அளக்கச் சிக்கலான ஊர். கீழ்த்தட்டு வீட்டின் கூரை பக்கத்தில்தான் தெரியும். நடந்து போனால் சந்து சுற்றிப் படி இறங்க வேண்டும்.

‘பள்ளிக்கு அருகே’ என்று சட்டம் சொல்வது இதில் எந்தத் தூரத்தை?

2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பீடி சிகரெட் விற்கக் கூடாது. சுற்றுச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதே ஆண்டு வந்த தமிழ்நாட்டு மதுக்கடை விதியோ மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் என்கிறது. அளப்பது ஆள் நடக்கும் பாதையில். சமவெளியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராமல் போகலாம். மலைச்சரிவில், பள்ளிக்கு நேர் கீழே இருக்கும் கடைகூடப் பாதை வளைந்தால் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடும்.

இதே கேள்வி 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்துக்குப் போனது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் போதைப்பொருள் விற்றால் அங்கே தனிக் குற்றம். மன்ஹாட்டன் தெருமுனையில் பிடிபட்டவர், பள்ளிக்கு நடந்து போனால் 1,000 அடிக்கு மேல் வருகிறது என்று வாதாடினார். காவல்துறை அந்த முனையிலிருந்து பள்ளிக்குப் போகும் இரண்டு தெருக்களையும் அளந்து, 764 அடி, 490 அடி என்று வைத்து, பித்தாகரஸ் தேற்றத்தால் நேர்த்தூரம் சுமார் 908 அடி என்று காட்டியது. நேர்கோடுதான் கணக்கு என்றது நீதிமன்றம். பிள்ளைகளின் பக்கம் நின்ற தீர்ப்பு அது என்றே நினைக்கிறேன்.

நம் போதைப்பொருள் சட்டத்தில் அடியும் இல்லை, மீட்டரும் இல்லை. 2001 திருத்தத்தில் சேர்ந்த 32-பி பிரிவு, கல்வி நிலையத்திலோ அதன் மிக அருகிலோ, மாணவர்கள் படிக்க, விளையாடக் கூடும் இடத்திலோ குற்றம் நடந்தால், குறைந்தபட்சத் தண்டனைக்கு மேல் விதிக்கும்போது நீதிபதி அதைக் கருதலாம் என்கிறது. பட்டியலில் இல்லாத காரணங்களையும் எடுத்துக்கொள்ளலாம், பிடிபட்ட அளவும் அவற்றில் ஒன்று என்று உச்சநீதிமன்றம் 2019-லும் 2021-லும் விளக்கியது.

என் கவலை அங்கே இல்லை. குறைந்தபட்சத் தண்டனை இருக்கிற குற்றத்துக்கு மட்டுமே 32-பி பொருந்தும். கஞ்சாவில் அது 20 கிலோவுக்கு மேல் போனால்தான் தொடங்குகிறது. பள்ளி வாசலில் 20 கிலோவோடு யார் நிற்கிறார்கள்? பொட்டலம் விற்பவனிடம் இருப்பது ஒரு கிலோவுக்கும் கீழே. அதற்கு அதிகபட்சம் ஓராண்டு. குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. பள்ளிக்காக எழுதிய பிரிவு, பள்ளிப் பிள்ளையைத் தேடி வருகிறவனைத் தொடுவதே இல்லை.

கொடைக்கானல் மலையில் பேசாமல் விட முடியாதது போதைக் காளான். காளான் இயற்கையில் விளைவது, அதைக் கலவையாகக் கருதி மொத்த எடையையும் போதைப்பொருளாகக் கணக்கிட முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் உத்தரவில் சொன்னது. அப்படிப் பார்த்தால், பை நிறையக் காளான் பிடிபட்டாலும் 32-பி வரை வழக்கு போவது கடினம்.

இருக்கிற பிடிமானம் வேறு சட்டத்தில் இருக்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. போதைப்பொருளைக் கைமாற்றக் குழந்தையைப் பயன்படுத்தினாலும் 78-வது பிரிவில் அதே தண்டனை. பள்ளி எவ்வளவு தூரம் என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஆனால் 2021 திருத்தம், நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றங்களாக இவற்றை மாற்றிவிட்டது. அதற்கும் வழி உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் எல்லாக் குற்றங்களையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். ஒரே வழக்கில் அப்படி ஒரு குற்றம் இருந்தாலே முழு வழக்கையும் விசாரிக்கலாம். ஆகவே, பிள்ளைக்குக் கஞ்சா விற்றான் என்று புகார் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, அதில் 77 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.