எழுத்துருவுக்குள் ஒளிந்திருக்கும் ஜொகூர்

சென்ற வாரம் நெகிழ்வட்டுகளைப் படியெடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குளுவாங்கிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அழைத்தார். வட்டு நல்லபடியாகப் படியாகிவிட்டது, மகன் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்த மடிக்கணினியில் கோப்பும் திறக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது தமிழாக இல்லை என்றார். 1998இல் பள்ளியின் சிறப்பு மலருக்காக அவரே தட்டச்சு செய்த தோட்ட வரலாறு அது. "ராத்திரி கண் முழிச்சு அடிச்சது தம்பி. இப்பத் தொறந்தா ஒரு எழுத்துகூட தமிழ் இல்ல. அழிஞ்சு போச்சா?"

அழியவில்லை. அவர் அடித்த ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. பழைய தமிழ்க் கோப்புக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று கோப்பின் வகை, மற்றொன்று அதற்குள் தமிழை எழுதி வைத்த குறியாக்கம். முதல் பூட்டு திறந்துகொண்டதுமே வேலை முடிந்தது என்று நினைத்து, வரும் கோலத்தைப் பார்த்துப் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள்.

முதல் பூட்டை லினக்ஸ் எளிதாகத் திறக்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள மூன்றெழுத்தை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் ஆளாளுக்கு விருப்பப்படி பெயர் வைத்தார்கள். முனையத்தில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்தால், அது கோப்பின் தொடக்க பைட்டுகளைப் படித்து, இது மைக்ரோசாஃப்ட் வேர்டா, வேர்ட்பெர்ஃபெக்டா, ஆர்டிஎஃப்பா என்று சொல்லிவிடும். பிறகு லிப்ரே ஆபிஸ். பழைய வேர்ட் கோப்புகளோடு வேர்ட்பெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் கோப்புகளையும் அது திறக்கும். 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளையும் ஓரளவு படிக்கிறது. இந்த வசதிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள், 2014இல் 'டாக்குமென்ட் லிபரேஷன்' என்ற பெயரில் ஒரு திட்டமாகச் சேர்ந்த தன்னார்வ நிரலர்கள். கைவிடப்பட்ட கோப்பு வகைகளைப் பைட்டு பைட்டாக ஆராய்ந்து திறப்பான்கள் எழுதுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 2007இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2003இன் மூன்றாம் சேவைத் தொகுப்பு, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பழைய கோப்பு வகைகள் பலவற்றைத் திறக்க முடியாதபடி தடுத்தது. தாம் எழுதியதைத் தாமே திறக்க முடியாத நிலையை அன்று பல பயனர்கள் சந்தித்தார்கள். நான் லினக்ஸ் பக்கம் நிற்பதற்கு விலையில்லாமல் கிடைப்பது மட்டும் காரணமன்று.

இனி இரண்டாவது பூட்டு. ஆசிரியரின் கோப்பில் 'ஜொகூர்' என்று எழுதிய இடத்தில் இன்று ஐந்து குறிகள் தெரிகின்றன. நடுவில் உடைந்த செங்குத்துக் கோடு, பழைய டச்சு நாணயமான கில்டரின் குறி, தலைகீழ் ஆச்சரியக்குறி, தலையில் இரண்டு புள்ளி வைத்த லத்தீன் யூ, கடைசியாக வகுத்தல் குறி. பார்த்தால் குப்பை. ஆனால் வரிசையாக வையுங்கள்: ஒற்றைக்கொம்பு, ஜ, கால், கூ, ர். ஐந்துக்கு ஐந்து சரியாக இருக்கிறது. இது திஸ்கி என்ற குறியாக்கம். லத்தீன் எழுத்து அட்டவணையின் மேல்பாதி இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றி, அதற்கேற்ப எழுத்துரு செய்தார்கள். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். அது இல்லாத கணினி, அந்த எண்ணுக்குத் தனக்குத் தெரிந்த ஐரோப்பியக் குறியைக் காட்டும்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். வேறு வழி இல்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தது; ஆனால் சாதாரண மக்களின் கணினியில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000க்குப் பிறகுதான். அதுவரை தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. நம் மலேசியாவில் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி 'கணியன்' தந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசை. இதைப் பொதுமைப்படுத்தத்தான் 1990களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் திஸ்கியை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என இரண்டு தரங்களை அறிவித்தது. இத்தனை குறியாக்கங்களா என்று சலித்துக்கொள்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இவர்கள் கை கட்டிக் காத்திருந்தால் 1998இல் குளுவாங்கில் ஒருவர் தமிழில் தோட்ட வரலாறு அடித்திருக்கவே முடியாது.

அந்தத் தோட்ட வரலாறுகளை நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஜொகூரில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 2006இல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டபின், ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த தோட்ட நிலம் வேகமாக வீடமைப்புப் பகுதியாக மாறியது. லயங்கள் இடிந்தன, கோயில்கள் இடம் மாறின, தோட்டப் பள்ளிகள் பட்டணத்துக்கு நகர்ந்தன. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் நம் பள்ளி மலர்களும், கும்பாபிஷேக மலர்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகளும் கையெழுத்திலிருந்து கணினிக்கு மாறின. எந்தத் தோட்டத்தில் யார் தண்டல், முதல் கோயில் கொட்டகையை யார் போட்டார்கள், பள்ளிக்கு நிலம் எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. 1950களின் கணக்குப் புத்தகத்தைக் கரையான் அரிக்காமல் காத்தால், இன்றும் விரித்துப் படிக்கலாம். 1998இன் கோப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. திறக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சரி, எப்படித் திறப்பது? கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்து, சிதைந்த வரியின் மேல் சுட்டியை வைத்துச் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயர் அங்கே சாய்ந்த எழுத்தில் தெரியும். பெயரின் முன்னொட்டே பல நேரம் போதும்: டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி, டிஏபி என்றால் டாப், டிஏஎம் என்றால் டாம். அந்தப் பெயரை முதலில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். கோப்பை வேறு வடிவில் சேமித்து, எழுத்துருவை மாற்றி, அழகுபடுத்திய பிறகு அந்தத் தடயம் போய்விடும். மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது, எல்லாம் படியில்தான்.

பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவி, தமிழ் தெரிந்ததும் பிடிஎஃப் ஆக்கி, வேலை முடிந்ததென்று இருப்பவர்களும் உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. அந்தப் பிடிஎஃப்பில் 'ஜொகூர்' என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. அடியில் இருப்பது இன்னமும் கில்டர் குறியும் வகுத்தல் குறியும்தான். யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

லினக்ஸில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதன் அடித்தளமான ஜிஎன்யூ சி நூலகத்துக்குள்ளேயே திஸ்கி அட்டவணை இருக்கிறது. 'ஐகான்வ்' என்ற கட்டளையிடம் திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்று என்றால் மாற்றிவிடும். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கும் பழைய வரிசையை, மெய்க்குப் பின்னால் உயிர்க்குறி வரும் யூனிகோடு வரிசைக்கு அதுவே திருப்பியும் வைக்கும். வேர்ட் கோப்பு என்றால் இடையில் ஒரு படி கூடும். லிப்ரே ஆபிஸ் தரும் வெறும் உரையில் அந்த ஐரோப்பியக் குறிகள் யூனிகோடாகவே வந்திருக்கும். அவற்றை முதலில் விண்டோஸ் 1252 என்ற மேலைநாட்டு அட்டவணைக்குத் திருப்பி ஒற்றை பைட்டாக்கி, அதன் பிறகுதான் திஸ்கி என்று சொல்லி மாற்ற வேண்டும். இந்த நடுப்படியை விட்டுவிட்டு, மாற்றியே வேலை செய்யவில்லை என்று சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 1252இல் சில இடங்கள் காலியாக இருப்பதால் நிரல் அங்கே நின்றுவிடுவதும் உண்டு. அந்த வரியை மட்டும் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு முதலில் 'இ'யைத் தேடுங்கள். பழைய திஸ்கியில் அந்த எழுத்து உட்கார்ந்த இடம், பிற மென்பொருள்களுக்கு 'மறைந்திருக்கும் இணைப்புக்கோடு'. வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய குறி என்று எண்ணி அவை அதை மறைத்துவிடும், சில தூக்கியே எறிந்துவிடும். அதனால்தான் திஸ்கியின் 1.7 பதிப்பில் 'இ'க்கு இன்னோர் இடமும் கொடுத்தார்கள். 'இல்லை' என்பது 'ல்லை' என்று வந்தால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் 'இராமசாமி' 'ராமசாமி' ஆகிவிட்டால்? 'இராஜமாரியம்மன்' 'ராஜமாரியம்மன்' ஆனால்? இரண்டும் வழக்கில் உள்ள வடிவங்கள். பிழை என்றே தோன்றாது. ஒருவர் தம் பெயரை எப்படி எழுதினாரோ, பதிவிலும் அப்படியே இருக்க வேண்டும். அச்சு மலர் ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பெயர்ப் பட்டியல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நன்கொடையாளர் பட்டியலைப் பாதியில் விட்டுவிட வேண்டாம். அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

ஈழத்தவர் பரவலாகப் பயன்படுத்திய 'பாமினி' வகை எழுத்துருவானால் சிக்கல் வேறு மாதிரி. அது தமிழைச் சாதாரண ஆங்கில விசைகளின் இடத்திலேயே வைத்திருக்கிறது. நம் மலர்களிலோ தமிழ் வரிக்கு நடுவே மலாய்ப் பெயர்களும் முகவரிகளும் உரோமன் எழுத்தில் வரும். மொத்த உரையையும் பாமினி என்று சொல்லி மாற்றினால், உரோமன் எழுத்தில் இருந்த ஜொகூர் 'துழாழச' ஆகிவிடும். திஸ்கியில் இந்தத் தொல்லை இல்லை. அது உரோமன் எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவைத்தது. மும்மொழியில் எழுதும் நமக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது இப்போதுதான் புரிகிறது. பாமினிக் கோப்பை வெறும் உரையாக்காமல் லிப்ரே ஆபிஸின் ஓடிடி ஆவண வடிவில் சேமித்தால், எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருந்தது என்ற குறிப்பு உள்ளேயே இருக்கும். பாமினித் துண்டுகளை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். முத்தையா அண்ணாமலை முதலியோர் வளர்த்துவரும் 'ஓப்பன் தமிழ்' பைத்தான் நிரல்தொகுப்பில் பாமினி, திஸ்கி, அஞ்சல் எனப் பல குறியாக்கங்களுக்கு மாற்றி இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை வீட்டில் இருந்தால், விடுமுறையில் செய்து கொடுக்கக்கூடிய வேலைதான்.

எந்த அட்டவணையிலும் சேராத கோப்பும் வரும். அச்சகமோ தட்டச்சு நிலையமோ தன் வசதிக்குத் திருத்திய எழுத்துருவாக இருக்கலாம். அப்போது அந்த எழுத்துருக் கோப்பு ஒன்றுதான் வழி. லினக்ஸில் 'ஃபான்ட்ஃபோர்ஜ்' நிரலால் அதைத் திறந்தால், எந்த எண்ணில் எந்தத் தமிழ் வடிவம் இருக்கிறது என்று கட்டம் கட்டமாகத் தெரியும். பார்த்துப் பார்த்து அட்டவணை எழுதிவிடலாம், பொறுமை இருந்தால் போதும். எழுத்துரு இல்லையென்றால், அதே காலத்து அச்சு மலரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாக ஊகிக்க வேண்டும். அது பல மடங்கு வேலை.

எனவே பள்ளி அலுவலகத்திலோ கோயில் கிடங்கிலோ பழைய கணினி கிடந்தால், கழிவுக்குக் கொடுப்பதற்கு முன் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாக ஒரு விரலியில் படியெடுத்து, எந்த இடத்துக் கணினி, எந்த ஆண்டு வரை பயன்பட்டது என்று எழுதி, அந்தக் கணினியின் கோப்புகளோடு சேர்த்தே வையுங்கள்.

(தொடரும்)