மழைச் சீட்டு

சென்னைப் பட்டணத்தை அண்மைக் காலத்தில் உலுக்கிய ஆபத்துகளின் தேதிகளை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்ப்பவர் எவரும் சற்றுத் திகைக்கவே செய்வார். ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26. அடையாறு கரைபுரண்டது 2015 டிசம்பர் முதல் வாரம். வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் புயலின் மழை 2023 டிசம்பர் 3, 4. ஆழிப்பேரலை ஒன்றை நீக்கிவிட்டால், மற்றவை யாவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஏறக்குறைய சொல்லி வைத்தாற்போல் வந்தவை. ஆபத்துக்கும் ஒரு பருவம் உண்டென்றால், அதற்குரிய செலவையும் தவணையாகக் கட்டலாம் அல்லவா?

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயுமாக இரண்டு நீர்களுக்கிடையே அமைந்த பாலவாக்கத்தில், குப்பத்து மீனவர் முதல் சந்துகளில் வாடகைக்கிருக்கும் ஓட்டுநர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் வரை, தீபாவளிச் சீட்டு என்றால் என்னவென்று அறியாத சாமானியக் குடும்பம் இராது. பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் வாரந்தோறும் கட்டத் தெரிந்த அதே விவேகத்தை மழைக்கும் செலுத்தி, ஆடி முதல் ஐப்பசி முடிய வாரம் 50 ரூபாய் ஒதுக்கினால் 800 ரூபாய்க்குக் குறையாமல் சேரும். பிறரிடம் கட்டவும் வேண்டாம். அரிசிப் பானையே போதும். சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடிய கதைகள் நமக்குப் புதியவை அல்லவே.

அந்தப் பணத்தில் முதற்கண் தேட வேண்டியது ஜலம். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்தொட்டி சில மணி நேரத்தில் வறண்டுவிடும். தெருவில் வெள்ளம் நின்றால் தரைக்கடித் தொட்டியில் சாக்கடை கலக்கும். லாரியும் வராது, கேனும் வராது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு 48 லிட்டர். புயல் எச்சரிக்கை கேட்ட மாலையே நான்கு குடங்களை நிரப்பி மூடி வைத்துவிட்டால் அது தீர்ந்தது. குடம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. வாங்க வேண்டியது குளோரின் மாத்திரையும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் மட்டுமே.

அடுத்தது சில்லறை. உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாகி ஒரு மாதம் நிறைவுற்றுச் சில நாட்களே ஆன வேளையில் வர்தா வந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, அட்டை தேய்க்கும் இயந்திரமும் பணம் கொடுக்கும் இயந்திரமும் ஒருங்கே ஊமையாயின. கைப்பேசியைக் காட்டியே கீரைக்கட்டு வாங்கும் இன்றைய நாளில் அந்த நிலை மறுபடி வந்தால் துன்பம் இன்னும் அதிகமாகும் என்பது என் அபிப்பிராயம். ஆகவே பத்தும் இருபதும் ஐம்பதுமாக 500 ரூபாயை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் உறையிலிட்டு, பரண்மேல் வைக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பின் நனைந்தழிந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசு விசேஷ முகாம்களே நடத்த நேர்ந்தது. அவ்வுறையிலேயே, உறவினர் எண்களோடு 108, மாநகராட்சியின் 1913, பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகியவற்றைக் கையால் எழுதி வைப்பது உத்தமம். கைப்பேசி அணைந்தபின் மனப்பாடமாய் எண் சொல்வோர் இக்காலத்தில் மிகச் சிலரே.

அவல், வெல்லம், பால் மாவு, டார்ச்சு, தீப்பெட்டி, வீட்டுப் பெரியவருக்கு ஒரு வார மாத்திரை: இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. விபத்துக் காப்புறுதிக்காக ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்திருப்போர் மட்டும், மே மாத இறுதியில் கணக்கில் அத்தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஆழிப்பேரலைக்கோ பருவமில்லை, சீட்டும் உதவாது. 2004இல் அது வந்த நாளன்று காலை ஆறரை மணியளவில் நில அதிர்வைச் சென்னையில் பலர் உணர்ந்தும், இரண்டு மணி நேரத்துக்கு மேலான அவகாசம் வீணாயிற்று; எச்சரிக்கை நிலையம் ஐதராபாத்தில் அமைந்ததோ 2007இல்தான். இனி எச்சரிக்கை வந்தால், எந்தச் சந்து வழியே மேற்கே போவது, பள்ளியில் இருக்கும் பிள்ளையைத் தேடி யாரும் கடற்பக்கம் திரும்பாதிருக்க எங்கே கூடுவது, நடக்கமாட்டாத பாட்டியைத் தூக்குவது யார் என்பவற்றை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ள ஒரு காசும் செலவில்லை.