எங்கே பிடித்தது?

ஹீமோபிலியா ஏ உள்ள பையனுக்கு ரத்தம் கசிந்து முட்டி வீங்கினால், ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபேக்டர் 8ஐ ஊசியாகப் போடுவார்கள், ரத்தம் நிற்கும். நோய் தீவிரமாக உள்ளவர்களில் நூற்றுக்கு 25, 30 பேருக்கு ஒரு கட்டத்தில் ஊசி பலிக்காமல் போகும். வெளியிலிருந்து வந்த புரதத்தை உடல் அந்நியனாக எண்ணி ஆன்டிபாடியை ஏவிவிடுகிறது. வார்டில் இதற்கு ‘இன்ஹிபிட்டர்’ என்று பெயர்.

அன்று டாக்டர்கள் கேட்டது ‘இன்ஹிபிட்டர் எவ்வளவு இருக்கிறது?’ என்றுதான். 1975இல் வந்த பெதஸ்டா பரிசோதனை அதைச் சொன்னது. நோயாளியின் பிளாஸ்மாவையும் நல்ல பிளாஸ்மாவையும் சமமாகக் கலந்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 2 மணி நேரம் வைப்பார்கள். ஃபேக்டர் 8 பாதியாகக் குறைந்தால் ஒரு யூனிட். எண் கிடைத்துவிடும். ஆன்டிபாடி கவ்விய இடம் எது? அப்போது அந்தப் புரதத்தின் அமைப்பே யாருக்கும் தெரியாது.

1984இல் அதன் ஜீன் கைக்கு வந்தது. 2,332 அமினோ அமிலங்கள், ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு பகுதிகள். மறு வருஷமே புரதத்தைத் துண்டாக்கி ஜெல்லில் ஓடவிட்டு, ஆன்டிபாடி எந்தப் பட்டையில் ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பீட் லோலர் குழு செய்த வேலை. பன்றியின் ஃபேக்டர் 8 மனித ஆன்டிபாடிகளிடம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே மனிதப் புரதத்தில் அங்கங்கே பன்றித் துண்டை ஒட்டுப்போட்டார்கள், பழைய சட்டைக்குப் போடுவதுபோல. எந்த ஒட்டுக்குப் பிடி நழுவுகிறதோ, அதுதான் இடம். 1995இல் ஏ2 பகுதியில் 484 முதல் 508 வரை, வெறும் 25 அமினோ அமிலங்கள், அகப்பட்டன.

2001இல் சி2 பகுதியும் ஒரு மனித ஆன்டிபாடியும் கட்டிப்பிடித்த நிலையிலேயே படிகமாயின. எக்ஸ்ரேயில் பார்த்தால், தட்டணுவின் கொழுப்புப் படலத்தில் ஃபேக்டர் 8 ஊன்றிக்கொள்ளும் முனைகளையே ஆன்டிபாடி மூடியிருக்கிறது! காலூன்ற விடாமல் செய்தால் போதும், ரத்தம் உறையாது.

இன்று கனநீரில் புரதத்தை ஊறவைத்தும் வரைபடம் போடுகிறார்கள். ஆன்டிபாடி மூடிய இடத்தில் ஹைட்ரஜன் மாறத் தாமதமாகும். இன்ஹிபிட்டரைச் சுற்றிப் போகும் மருந்தும் வந்துவிட்டது: 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிஸுமாப், ஃபேக்டர் 8 செய்யும் வேலையை வேறு உருவில் செய்வதால், இன்ஹிபிட்டர் கண்ணிலேயே படுவதில்லை.

வரைபடமெல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான். வார்டுக்கு வரும் ரிப்போர்ட்டில் இருப்பது அதே பெதஸ்டா யூனிட். குழாய் அதே 37 டிகிரியில் 2 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது.