சாட்சி சொல்லும் சித்திரம்

நகரத்து வீதியைத் தினந்தோறும் கடந்து செல்கிறோம். ஆனால் அதைப் பார்க்கிறோமா என்பது வேறு விஷயம். புராணங்களும் யுத்தங்களுமே சித்திரத்திற்கு உயர்ந்த பொருள்கள் என்று கலாபண்டிதர்கள் கருதியிருந்த காலத்தில், பாரிஸ் மாநகரத்துக் காப்பிக் கடை வாசலைச் சித்திரமாக்கினார் எட்கார் தேகா (1834–1917). ‘மாலையில் காப்பிக் கடை வாசலில் பெண்கள்’ என்னும் அப்படம் 1877ஆம் வருஷம், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் மூன்றாவது கண்காட்சியில் வைக்கப்பட்டது.

அது உருவான முறையே விசேஷமானது. உலோகத் தகட்டில் மசியால் உருவெழுதி, அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்திப் பதிவெடுத்தார் தேகா. அந்தக் கறுப்புப் பதிவின்மீது, வர்ணப் பொடியுடன் சிறிது பிசின் சேர்த்துச் செய்த பாஸ்டல் குச்சிகளால் தீட்டினார். இருளின் அடியிலிருந்தே விளக்கொளி எழுவதுபோல் தோன்றுவதன் காரணம் இதுதான்.

படத்தில் பெரிய சம்பவம் எதுவுமில்லை. நாற்காலிகளில் பெண்கள் சிலர் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தி கட்டைவிரலைப் பல்லருகே கொண்டுபோயிருக்கிறாள். கடையின் தூண்கள் குறுக்கே நின்று உருவங்களை மறைக்கின்றன. பின்னால் சாலையின் விளக்குகள். கறுப்பு உடை தரித்த ஆடவன் ஒருவன் அகன்று போகிறான். இப்பெண்கள் பொதுமகளிர் என்பதை அக்காலத்துப் பாரிஸ்வாசிகள் கண்டவுடன் அறிந்திருப்பார்கள். தேகா அவர்களை அழகுபடுத்தவுமில்லை, இழித்துரைக்கவுமில்லை, அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்கவுமில்லை. நீதிமன்றத்தில் நல்ல சாட்சி ஒருவன் கண்டதைக் கண்டபடி உரைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதுபோல் அவரும் நிறுத்திக்கொள்கிறார். தீர்ப்பு நம்முடையது.

அத்தீர்ப்பைப் பிரெஞ்சு சர்க்காரும் கூறவேண்டிய சமயம் வந்தது. குஸ்தாவ் கையபோத் என்ற செல்வந்தர், தாமும் ஓர் ஓவியர், இப்படம் உட்படத் தாம் சேகரித்த தம் நண்பர்களின் சித்திரங்களைத் தேசத்திற்கே உயில் எழுதி வைத்தார். அவை இருட்டறையில் முடங்கலாகாது, காட்சிசாலையில் தொங்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. 1894இல் அவர் காலமானதும் ஜெரோம் முதலிய பழைய முறை ஓவியர்கள் கடும் ஆட்சேபம் கிளப்பினர். அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் சுமார் நாற்பதை மட்டுமே சர்க்கார் 1896இல் ஏற்றது. விலையின்றி வந்த செல்வத்தையும் வேண்டாமென்று சொல்லப் பண்டிதர்கள் இருந்தார்கள்! நல்லவேளையாகத் தேகாவின் பாஸ்டல்கள் ஏழும் தப்பின.

இன்று இப்படம் பாரிஸில், முன்பு ரயில் நிலையமாயிருந்து 1986இல் காட்சிசாலையாகத் திறக்கப்பட்ட ஒர்சே மாளிகைக்கு உரியது. பாஸ்டல் என்பது காகிதத்தில் ஒட்டிய வெறும் தூசி, உரசினால் உதிரும். அத்தூசியைத் தேசம் பொக்கிஷமாகப் போற்றுகிறது. வீதியில் கண்டும் காணாததுபோல் கனவான்கள் கடந்து சென்ற, பெயரறியாத சில பெண்கள் அந்தப் பொக்கிஷத்தில் அமர்ந்திருக்கிறார்கள். தேசத்தின் செல்வம் எது என்பதைப் பண்டிதர்களின் அபிப்பிராயத்திற்கு மட்டும் விட்டிருந்தால், அவர்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.